தாமு வழி, ஜெனரல் ஸ்லிம் – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

இம்பால் பயணம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ஜெனரல் வில்லியம் ஸ்லிம் பற்றி நாலு வரி வருகிறது. இரண்டு உலகப்போர்களிலும் சண்டையிட்ட பிரிட்டிஷ் தளபதிகளில் நீங்கள் மதிக்கும் ஒரே ஆள் அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு முடியவில்லை.

என் அம்மாவின் அப்பா பர்மாவில் பைன்மனா என்ற ஊரில் ஒரு செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. அவரும் அவருடைய சின்ன அண்ணனும் நடந்தே கிளம்பினார்கள். தாத்தா மட்டும்தான் ஊர் வந்து சேர்ந்தார். அந்த நடையைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தபோது ஒரு சிட்டை நோட்டு கிடைத்தது. அதில் ஊர்ப்பெயர்களும் தேதிகளும் மட்டும். கடைசிப் பக்கத்தில், ‘சித்திரபானு வருஷம் சித்திரை 22 கலேவா’ என்று இருக்கிறது. அடுத்த வரி, ‘சித்திரை 31 தாமு. மழை’. அதற்கப்புறம் எழுதவில்லை.

ஸ்லிமின் படையும் அந்த வழியாகத்தான் பின்வாங்கியது என்று உங்கள் கட்டுரையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்களை விட்டுவிட்டுப் போன ராணுவத்தின் தளபதி அவர். அவருக்கு லண்டனில் சிலை இருக்கிறது என்கிறீர்கள். தாத்தாவின் அண்ணனுக்கு ஒரு கல்கூட இல்லை. உங்களிடம் சண்டைக்கு வரவில்லை. அவரை ஏன் மதிக்க வேண்டும் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ம.
காரைக்குடி

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்ததும் முதலில் பஞ்சாங்கக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தேன். சித்திரபானு சித்திரை 22 என்பது 1942 மே 4. சித்திரை 31 என்பது மே 13. அந்த ஆண்டு பர்மாவில் பருவமழை மே 12ல் இறங்கியது. உங்கள் தாத்தா ‘மழை’ என்று எழுதியதற்கு முந்தின நாள். சிந்த்வின் ஆற்றங்கரைக் கலேவாவிலிருந்து இந்திய எல்லையை ஒட்டிய தாமு வரை கபாவ் பள்ளத்தாக்கு வழியாக ஏறத்தாழ 90 மைல். மலேரியாவுக்குப் பேர்போன பள்ளத்தாக்கு. ஸ்லிமின் படை மே 10ல் சிந்த்வின் ஆற்றங்கரையில் ஷ்வேஜின் என்ற இடத்தில் கடைசிச் சண்டையைப் போட்டுவிட்டு, டாங்குகளையும் லாரிகளையும் அங்கேயே அழித்துப்போட்டுவிட்டு, அதே 90 மைலுக்குள் இறங்கியது. அப்படியென்றால் உங்கள் தாத்தா தாமுவை எட்டிய அன்று அந்தப் படை அவருக்குப் பின்னால், அதே சேற்றில் நடந்துகொண்டிருந்தது.

இந்த விஷயம் தெரிந்த பிறகு உங்கள் கேள்விக்கு மேம்போக்காகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஸ்லிம் 1891ல் பிரிஸ்டல் நகரத்தில் பிறந்தவர். அப்பா இரும்புச் சாமான் வியாபாரி. பிறகு குடும்பம் பர்மிங்காமுக்குக் குடிபோனது. பையனுக்கு ராணுவ அதிகாரியாக வேண்டும் என்று ஆசை, ஆனால் வீட்டில் அதற்குப் பணம் கிடையாது. அந்தக் கால பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாக இருப்பதற்குச் சம்பளம் போதாது, சொந்தச் சொத்து வேண்டும். அதனால் அவர் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகப் போனார். பிறகு இரும்புக்குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் படிக்காமலேயே அதன் அதிகாரிப் பயிற்சிப் படையில் 1912ல் எப்படியோ சேர்ந்துகொண்டார். 1914 ஆகஸ்டில் போர் வெடித்தபோது ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். போர் மூன்று வாரம் ஆவதற்குள் ராயல் வார்விக்ஷயர் ரெஜிமெண்டில் செகண்ட் லெப்டினண்ட் ஆகிவிட்டார். இரண்டாம் உலகப்போரில் பேர்பெற்ற தளபதி மாண்ட்கோமரியும் அதே ரெஜிமெண்ட்காரர்தான். ஆனால் அவர் பிஷப்பின் மகன்.

1915 ஆகஸ்டில் துருக்கியின் கல்லிப்போலியில் சாரி பைர் மலைமுகட்டுக்கான சண்டையில் ஸ்லிமுக்குப் படுகாயம். அங்கேதான் ஆறாம் கூர்க்கா ரெஜிமெண்டை முதன்முதலில் பக்கத்தில் நின்று பார்த்தார். அந்தச் சில நாட்களின் பழக்கம் ஆயுள் முழுக்க நீடித்தது. காயம் ஆறி மெசபடோமியா (இன்றைய இராக்) போனார், 1917ல் அங்கேயும் காயம்பட்டார், மிலிட்டரி கிராஸ் பதக்கம் வாங்கினார். போர் முடிந்ததும் இந்திய ராணுவத்துக்கு மாற்றிக்கொண்டு அதே ஆறாம் கூர்க்காவில் சேர்ந்தார். இங்கே சம்பளத்திலேயே வாழ்ந்துவிட முடியும், அதுவும் ஒரு காரணம். ஆனாலும் குடும்பச் செலவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்டனி மில்ஸ் என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதிப் பணம் சம்பாதித்தார்.

இடையில் இருபது வருடங்கள். குவெட்டா ஸ்டாஃப் காலேஜ், சிம்லா, இங்கிலாந்தில் ஆசிரியர் வேலை என்று போயின. ஒரு பட்டாலியன் அவர் கைக்கு வந்தது 1938ல்தான், ஷில்லாங்கில். அதோடு ஓய்வு பெற்றிருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது ஒரு தோல்வியைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துத்தான். அது பர்மா தோல்விக்கு முன்னாலேயே நடந்த சின்னத் தோல்வி. 1940 நவம்பர், சூடான் எல்லையில் கல்லாபாத். எதிரில் இத்தாலியர்கள். ஸ்லிம் அப்போது பத்தாவது இந்தியக் காலாட்படை பிரிகேடின் தலைவர். கல்லாபாத் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். அதற்கு அந்தப் பக்கம், எத்தியோப்பிய எல்லைக்குள் இருந்த மெடெம்மாவைப் பிடிப்பதற்குள் டாங்குகள் பாறையிலும் கண்ணிவெடியிலும் சிக்கிப் படுத்துவிட்டன. மேலே இத்தாலிய விமானங்கள். ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன் கலைந்து ஓடியது. முன்னேறலாமா பின்வாங்கலாமா என்று யோசித்து ஸ்லிம் பின்வாங்கினார்.

சாக்குச் சொல்ல அவருக்கு எல்லாமே இருந்தது. டாங்கு பழுது, விமானம் இல்லை, ஆட்கள் ஓடிவிட்டார்கள், எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார்கள். பல வருடங்கள் கழித்து, பீல்ட் மார்ஷல் ஆன பிறகு அதைப் பற்றி எழுதும்போது, குற்றம் என்னுடையது என்று எழுதினார். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது, நான் என் பயத்திடம் யோசனை கேட்டேன் என்கிறார். சுயசரிதை எழுதிய தளபதிகள் ஏராளம். மேலிடம் ஆள் கொடுக்கவில்லை, அரசியல்வாதிகள் கெடுத்தார்கள், பக்கத்துப் படை வந்து சேரவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். என் பயத்திடம் யோசனை கேட்டேன் என்று எழுதிய வேறொருவரை நான் படித்ததில்லை.

அப்புறம் எரித்ரியாவில் விமானத்திலிருந்து சுட்டதில் மறுபடி காயம். பத்தாவது இந்திய டிவிஷனோடு இராக், சிரியா, ஈரான். அவற்றை விட்டுவிடுகிறேன். 1942 மார்ச்சில் அவரைப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். சிங்கப்பூர் பிப்ரவரி 15ல் விழுந்திருந்தது, ரங்கூன் மார்ச் 8ல் போய்விட்டது. கையில் கிடைத்தது இரண்டு நைந்த டிவிஷன்கள். ரங்கூன் துறைமுகம் போன பிறகு கடல் வழியாக எதுவும் வராது. இந்தியாவுக்குச் சரியான சாலை கிடையாது. எதிரி காட்டுக்குள் புகுந்து பின்பக்கம் வந்து சாலையை மறித்துக்கொள்வான், இவர்கள் லாரிகளோடு சாலையில் மாட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் இதுவே நடந்தது. ஏப்ரலில் ஏனஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே கொளுத்திவிட்டுக் கிளம்பினார்கள். அங்கே சிக்கிக்கொண்ட ஒரு டிவிஷன் சீனப் படையின் உதவியால் மீண்டது. கிட்டத்தட்ட 900 மைல். பிரிட்டிஷ் ராணுவ வரலாற்றில் அதைவிட நீளமான பின்வாங்கல் இல்லை.

இந்தியாவுக்குள் வந்த கடைசிப் படைப்பிரிவுகளை ஸ்லிம் சாலை ஓரத்தில் நின்று பார்த்தார். கந்தலும் தாடியுமாக, எலும்பும் தோலுமாக வந்தார்கள். ஆனால் துப்பாக்கியை விடவில்லை, வரிசை கலையவில்லை. பார்க்கச் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இருந்தார்கள், ஆனாலும் சிப்பாய்கள்தான் என்று எழுதுகிறார். வந்தவர்களை இம்பாலில் வரவேற்ற விதம் கேவலமானது. கூடாரம் இல்லை, போர்வை இல்லை, கொட்டும் மழையில் மலைச்சரிவில் படுக்கச் சொன்னார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

1942ல் பர்மாவிலிருந்து கிளம்பிய இந்தியர்கள் சுமார் 5 லட்சம் பேர். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். காலரா, அம்மை, பட்டினி, மலேரியா. வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழி, கறுப்பர்களுக்கு ஒரு வழி என்று மக்கள் அப்போதே பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு காரணமில்லாமல் வரவில்லை. ராணுவம் போவதற்காக அகதிகளைச் சாலையில் விடாமல் நிறுத்தியதும் உண்டு. அந்த அகதிகளைப் பற்றி ஸ்லிம் தன் நூலில் எழுதியிருக்கிறார், இரக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர்கள் அங்கே ஓரமாகத்தான் வருகிறார்கள். ராணுவத்தின் கதைக்கு நடுவே பாதையோரப் பிணங்களாக. உங்கள் தாத்தாவின் அண்ணன் அந்தப் புத்தகத்தில் இருக்கிறார் என்று சொன்னால் அது பொய். இல்லை. அந்த மக்களைக் கூலிகளாகவும் குமாஸ்தாக்களாகவும் கப்பலேற்றிக் கொண்டுபோன ஆட்சிக்கு, ஆபத்து வந்த நாளில் அவர்களைத் திருப்பிக் கொண்டுவர ஒரு திட்டமும் இருக்கவில்லை. ஸ்லிம் அந்த ஆட்சியின் தளபதி. இதை அவர் கணக்கிலிருந்து கழிக்க எனக்கு உரிமை இல்லை. உங்கள் கோபத்தை நான் முழுக்க ஏற்கிறேன்.

ஆனால் தோற்றுத் திரும்பிய பிறகு அந்த மனிதர் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நான் அவரை மதிப்பதற்கு அதுதான் காரணம்.

முதலில் நோய். 1943ல் அந்த முனையில் சண்டையில் காயம்பட்டு ஒரு ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனால், நோய்ப்பட்டு 120 பேர் போனார்கள். மலேரியா மட்டும் வருடத்துக்கு 84 சதவீதம். சில மாதங்களில் படையே இருக்காது என்று அவரே கணக்குப் போட்டுப் பார்த்தார். மலேரியாவைத் தடுக்க மெபாக்ரின் மாத்திரை இருந்தது. அதைத் தின்றால் ஆண்மை போய்விடும் என்று ஒரு வதந்தி பரவி, சிப்பாய்கள் துப்பிவிடுவார்கள். ஸ்லிம் என்ன செய்தார் தெரியுமா? திடீரென்று ஒரு பட்டாலியனுக்கு ஆள் அனுப்பி அத்தனை பேரையும் சோதிக்கச் சொன்னார். நூற்றுக்கு 95 பேராவது மாத்திரை சாப்பிட்டிருக்காவிட்டால் அந்தப் பட்டாலியன் தலைவரின் வேலை போய்விடும். மூன்று பேரைத்தான் நீக்க வேண்டி வந்தது. மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. சிப்பாயைத் தண்டிக்காமல் அதிகாரியைத் தண்டித்தார் என்பதைக் கவனியுங்கள். நோயாளிகளை இந்தியாவின் உட்பகுதிகளுக்கு அனுப்பி மாதக்கணக்கில் இழப்பதற்குப் பதில், முனைக்குச் சில மைல் பின்னாலேயே மலேரியா சிகிச்சை முகாம்கள் போட்டார்.

அப்புறம் சாப்பாடு. முன்னால் நிற்கும் ஒரு படைப்பிரிவுக்கு அரை ரேஷன் என்றால், தன் தலைமையகத்துக்கும் அன்று அரை ரேஷன் என்று உத்தரவு போட்டார். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. வயிறு காய்ந்தால் ஆபீஸ்காரர்கள் சீக்கிரம் வேலை பார்ப்பார்கள்.

ஐரோப்பாவுக்குப் போனது போக மிச்சம்தான் பர்மா முனைக்கு வரும். விமானத்திலிருந்து மூட்டை போடுவதற்குப் பட்டுத்துணிப் பாரசூட் கிடைக்கவில்லை. கல்கத்தா சணல் ஆலைகளில் பேசி, சணலிலேயே பாரசூட் நெய்யச் சொன்னார்கள். ஒன்றின் விலை ஒரு பவுண்டுக்குச் சற்று மேல். வழக்கமான பாரசூட்டுக்கு 20 பவுண்டு. சாலைக்குக் கல் கிடைக்காத இடத்தில் சணல்துணியைத் தாரில் தோய்த்துத் தரையில் விரித்து அதன்மேல் லாரி ஓட்டினார்கள். சிந்த்வின் கரையில், எந்தக் கலேவாவிலிருந்து உங்கள் தாத்தா நடந்தாரோ அங்கேயே, காட்டு மரத்தை வெட்டிப் படகு கட்டினார்கள். 1944 டிசம்பரில் அங்கே போட்ட பெய்லி பாலம் (முன்பே செய்த இரும்புத் துண்டுகளைப் பூட்டிப் போடுவது) 1,154 அடி. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அது. பாலம் போட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். பர்மா முனையில் பாலமும் சாலையும் போடும் நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகளும் பல இருந்தன.

பதினான்காம் ராணுவம் என்று பெயர். 1943 அக்டோபரில் ஸ்லிம் அதன் தலைவரானார். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்தியர்களும் கூர்க்காக்களும். மேற்கு ஆப்பிரிக்கர், கிழக்கு ஆப்பிரிக்கர், பர்மியர், பிறகு பிரிட்டிஷார். ஜீப்பின் முன்மூடி மேல் ஏறி நின்றுகொண்டு அவர்களிடம் பேசுவார். உருது தெரியும், கூர்க்காக்களின் மொழி தெரியும். அங்கிள் பில் என்று சிப்பாய்கள் கூப்பிட்ட பேர் யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல.

1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முதகுச்சி மூன்று டிவிஷன்களோடு இம்பாலுக்கும் கொஹிமாவுக்கும் வந்தார். எதிரியைத் தன் எல்லைக்குள் இழுத்து, அவனுடைய சோற்று வழி நீண்ட பிறகு இம்பால் சமவெளியில் வைத்து அடிப்பது ஸ்லிமின் திட்டம். திட்டம் சரி. செயலில் இரண்டு தப்பு செய்தார். முன்னால் நின்ற பதினேழாவது டிவிஷனைப் பின்வாங்கச் சொல்லும் நேரத்தைத் தானே தீர்மானிக்காமல் கீழே இருந்தவர்களிடம் விட்டார். உத்தரவு தாமதமானது, டிவிஷன் இம்பாலுக்குத் தெற்கே டிட்டிம் சாலையில் மாட்டிக்கொண்டது. கொஹிமாவுக்கு ஒரு ரெஜிமெண்டுக்கு மேல் ஜப்பானியர் வர முடியாது என்று நினைத்தார். வந்தது அதைவிடப் பல மடங்கு பெரிய ஒரு முழு டிவிஷன். அங்கே இருந்த காவல்படையில் சண்டை போடக்கூடியவர்கள் சுமார் 1,500 பேர். டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள், கைக்குண்டு எறியும் தூரம். இரண்டு வாரம் தாங்கினார்கள்.

இந்த இரண்டு தப்பையும் நமக்குச் சொன்னவர் வேறு யாரும் அல்ல, ஸ்லிமேதான். 1956ல் வந்த அவருடைய ‘டிஃபீட் இன்டு விக்டரி’ நூலில், என் பிழையிலிருந்து என்னைக் காப்பாற்றியது என் சிப்பாய்களின் மனவுறுதி என்று எழுதினார். அந்தப் போரில் ஜப்பானியருக்கு 50,000க்கு மேல் சேதம். அதுவரை அவர்களுடைய ராணுவம் சந்தித்த மிகப் பெரிய தோல்வி அது. வெற்றி பெற்ற ஒருவர் மறைத்திருந்தால் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

1945ஐ வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது ராணுவக் கல்லூரிகளில் பாடமாக இருப்பது. மண்டலேக்கு வருவதுபோல் காட்டிக்கொண்டு, பல டிவிஷன்கள் சேர்ந்த ‘கோர்’ என்ற பெரும்படை ஒன்றைக் காட்டு வழியே ரகசியமாகத் தெற்கே இறக்கி, ஐராவதி ஆற்றைப் பகான் பக்கம் கடந்து, எதிரியின் கிட்டங்கியாக இருந்த மெய்க்திலாவைப் பிடித்தார். ஏமாற்றுவதற்காகத் தாமுவில் ஒரு பொய்த் தலைமையகம் வைத்து, ரேடியோவில் ஓயாமல் பேசவிட்டார்கள். ஆமாம், அதே தாமு. மெய்க்திலா மார்ச் முதல் வாரம், மண்டலே மார்ச் 20, ரங்கூன் மே 3. மூன்று வருடத்துக்கு முன் விட்டுப்போன ஊர்கள் எல்லாம் திரும்ப வந்தன.

ரங்கூன் கைக்கு வந்த அதே மாதம் அவரை அந்தப் பதவியிலிருந்து தூக்கப் பார்த்தார் மேலதிகாரி ஆலிவர் லீஸ். படைக்குள் எழுந்த கொந்தளிப்பில் லீஸ்தான் போனார். 1943லும் இப்படி ஒன்று நடந்தது. பர்மாவின் அரக்கான் கடற்கரையில் நேர்ந்த தோல்விக்கு ஸ்லிமைப் பலியாக்கப் பார்த்த மேலதிகாரி ஜெனரல் இர்வினையே பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நீங்கள் நீக்கப்படவில்லை, நான்தான் நீக்கப்பட்டேன் என்று இர்வினே தந்தி கொடுத்தார். கல்லாபாத்தில் ஓடிய பட்டாலியன் இர்வினின் சொந்த ரெஜிமெண்ட், அதன் தலைவரை நீக்கியவர் ஸ்லிம். பழைய பகை. 1948ல் பிரதமர் அட்லீ ஸ்லிமைப் பிரிட்டிஷ் ராணுவத் தலைமைக்குக் கூப்பிட்டார். இந்திய ராணுவத்திலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள். அதுவரை அந்தப் பதவியில் இருந்த மாண்ட்கோமரி, நான் வேறொருவரிடம் பதவி உனக்குத்தான் என்று சொல்லிவிட்டேனே என்றபோது, அட்லீ, அப்படியானால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றாராம்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லாமல் விட்டால் உங்களிடம் நேர்மையாக இருந்தவன் ஆக மாட்டேன்.

ஒன்று, இந்திய தேசிய ராணுவம். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் பெருமளவில் நேதாஜியின் பின்னால் போனார்கள். ஐராவதியைக் கடக்கும்போது பகான் கரையில் எதிரே நின்றவர்களில் அந்தப் படையும் இருந்தது. அவர்களைப் பற்றி ஸ்லிம் எழுதியதில் அலட்சியம் தெரிகிறது. தன் இந்தியச் சிப்பாய்கள் அவர்களைச் சரணடைய விடாமல் சுட்டதால், கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது என்கிறார். தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்த ஒருவன் எதற்காகத் துப்பாக்கியைத் தூக்கினான் என்று அவர் யோசிக்கவில்லை. சிப்பாயின் மனதை அவ்வளவு அறிந்தவருக்கு அந்த மனம் எட்டவில்லை. இது அவருடைய பெரிய குறை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, அவர் 1953 முதல் 1960 வரை ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, பிரிட்டனிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தைகள் இருந்த ஒரு பண்ணைப் பள்ளியில் சிறுவர்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று அங்கே வளர்ந்த சிலர் பிற்காலத்தில் சொன்னார்கள். அவர் 1970லேயே இறந்துவிட்டார். எந்த நீதிமன்றமும் அதை விசாரிக்கவில்லை. குடும்பம் மறுத்தது. கான்பெராவில் அவர் பேரில் இருந்த சாலைக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள். சொன்னவர்கள் குழந்தைகளாக இருந்தவர்கள், யாரும் இல்லாதவர்கள். அதைக் காதில் வாங்காமல் நான் கடந்து போக மாட்டேன். அதனால் என் கட்டுரையின் அந்த வரியைத் திருத்திக்கொள்கிறேன். நான் மதிப்பது தன் தோல்வியைத் தன் தலையில் ஏற்று எழுதிய தளபதியை. முழு மனிதருக்கும் நான் சான்றிதழ் தர முடியாது.

கொஹிமா போனபோது டென்னிஸ் மைதானம் இருந்த இடத்தைப் பார்த்தேன். வெள்ளைக் கோடுகளைக் கல்லில் பதித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்களுக்கு ஒரு நினைவுச்சின்னம், 917 பெயர்கள். பெயர்களை வாசித்துக்கொண்டே அன்று ரொம்ப நேரம் நின்றேன். அவர்களுக்காவது பெயர் செதுக்க ஒரு சுவர் கிடைத்தது. அகதிகளுக்கு அதுவும் இல்லை, நீங்கள் சொன்னது சரிதான்.

தாமுவுக்கு எதிரே நம் எல்லைக்குள் மோரே இருக்கிறது. அறுபதுகளில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்கள் வந்து தங்கிய ஊர். அங்காள பரமேஸ்வரி கோயில் ஒன்று கட்டியிருக்கிறார்கள். கோயில் வாசலில் ஒரு பெரியவரிடம் பேசினேன். கபாவ் பள்ளத்தாக்குப் பக்கம் கையைக் காட்டி, அந்த வழியா வந்தவங்க எங்க அப்பா தலைமுறை என்றார். வழியில் எந்த இடத்தில் தண்ணீர் கிடைத்தது, எங்கே ஓடை குறுக்கிட்டது, எந்தக் கிராமத்தில் அரிசி கொடுத்தார்கள் என்றெல்லாம் அவர் அப்பா சொன்னதை இன்னும் வரிசையாகச் சொல்கிறார்.

உங்கள் தாத்தாவின் நோட்டில் பைன்மனாவுக்கும் கலேவாவுக்கும் நடுவே எத்தனை ஊர்ப்பெயர் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அத்தனை பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பர்மிய ஊர்ப்பெயர்களை அவர் காதில் விழுந்தபடி தமிழில் எழுதியிருப்பார், அதை இன்றைய வரைபடத்தோடு பொருத்தக் கொஞ்சம் நாள் பிடிக்கும். செய்து தருகிறேன். அவருடைய அண்ணனின் பெயரையும் எழுதுங்கள். எந்த ஊருக்குப் பிறகு அவர் கூட வரவில்லை என்று அம்மாவுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள்.